சீடர் பாயிண்டா, மேஜிக் மவுண்டனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோலர் கோஸ்டர் பித்துப் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இந்த இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். அமெரிக்காவில் படிப்புக்கும் வேலைக்கும் போய் இருப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க லீவில் போகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எவை இந்த இரண்டு அமியூஸ்மென்ட் பார்க்குகள்? ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள்?

சீடர் பாயிண்ட், ஓஹையோ மாநிலத்து சாண்டஸ்கி ஊரில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. 1870-ல் ஏரியில் குளிக்கவும் காற்று வாங்கவும் வருகிறவர்களுக்கான இடமாகத் தொடங்கியது. இன்றும் பார்க்குக்குப் பின்னால் அதே மணற்கரை இருக்கிறது. அதை ஒட்டி 1905-ல் கட்டிய ஹோட்டல் பிரேக்கர்ஸும் இருக்கிறது.

மேஜிக் மவுண்டன் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே வலன்சியாவில், ஒரு குன்றைச் சுற்றி அமைந்தது. 1971-ல் திறந்தார்கள். 1979-ல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

டிஸ்னியும் யூனிவர்சலும் கதையையும் கதாபாத்திரங்களையும் வைத்துக் கூட்டம் சேர்ப்பவை. இந்த இரண்டும் இரும்பையும் மரத்தையும் நம்பி நிற்பவை. எது உயரம், எது வேகம், யாரிடம் எத்தனை கோஸ்டர் என்று பல வருடங்களாக மாறி மாறி முந்திக்கொண்டு வந்திருக்கின்றன. அதனால்தான் ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடுகிறது.

உங்களுக்கு எது பிடிக்கும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சீடர் பாயிண்ட்.

ஆனால் எண்ணிக்கையில் மேஜிக் மவுண்டன்தானே முதலிடம்?

ஆமாம். 2022-ல் வொண்டர் உமன் கோஸ்டரைத் திறந்தபோது 20 கோஸ்டர்கள் என்று அறிவித்தார்கள். அப்போது உலகத்தில் வேறு எந்தப் பார்க்கிலும் அத்தனை இருக்கவில்லை. 2025-ல் சைரன்ஸ் கர்ஸைச் சேர்த்த பிறகும் சீடர் பாயிண்டின் கணக்கு 18-தான்.

என்னுடைய வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு நாள் டிக்கெட்டில் இருபதிலும் ஏறி இறங்குகிறவர் மிகக் குறைவு. அந்த இருபதில் சின்னக் குழந்தைகளுக்கானதும் சேர்த்திதான். எந்தப் பார்க்குக்குப் போனாலும் ஒரு ஆள் ஆறு, ஏழு பெரிய கோஸ்டர்களில் உட்காருவார். அதில் இரண்டு, மூன்றில் திரும்பத் திரும்ப ஏற நினைப்பார். அந்த இரண்டு, மூன்று எந்தத் தரத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் பார்க்கை எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் மேக்னம், மில்லேனியம் ஃபோர்ஸ், ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் சீடர் பாயிண்டுக்கு ஈடு சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை.

ஸ்டீல் வெஞ்சன்ஸில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1991-ல் சீடர் பாயிண்ட் மீன் ஸ்ட்ரீக் என்றொரு பிரம்மாண்ட மரக் கோஸ்டரைக் கட்டியது. காலப்போக்கில் அது உடம்பை உலுக்கி எடுக்கும் ரைடாகிவிட்டது. இடித்துத் தள்ளியிருக்கலாம். அதைச் செய்யாமல், ஐடஹோ மாநிலத்து ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தைக் கூப்பிட்டு, மரச்சாரத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, அதன் மேல் எஃகுத் தண்டவாளத்தைப் போட வைத்தார்கள். 2018-ல் திறந்தது. உயரம் 205 அடி, வேகம் மணிக்கு 119 கி.மீ., நாலு இடத்தில் தலைகீழ்.

இந்த எண்களை விட முக்கியமான ஒன்று உண்டு. கோஸ்டர்காரர்கள் அதை ஏர்டைம் என்பார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டால் உடம்பு சீட்டை விட்டு எழும்புமே, அதுதான். தண்டவாளம் சட்டென்று கீழே வளைகிறது. உங்கள் உடம்போ மேலே போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே இன்னும் போகப் பார்க்கிறது. தொடை மேல் இருக்கும் கம்பிதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டீல் வெஞ்சன்ஸில் இப்படி எழும்பும் நேரத்தை மட்டும் கூட்டினாலே 27 விநாடிக்கு மேல் வருகிறது.

200 அடி செங்குத்து இறக்கத்துக்குப் பிறகு வண்டி மரச்சாரத்துக்குள்ளேயே புகுந்து புகுந்து ஓடும். உத்தரங்கள் தலைக்குப் பக்கத்தில் பறக்கும். கையைத் தூக்கினால் இடித்துவிடுமோ என்று தோன்றும். இடிக்காத அளவுக்கு அளந்துதான் கட்டியிருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக வரும். ஒன்றில் எழும்பி உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரிய கோஸ்டர்கள் பல முதல் இறக்கத்திலேயே சரக்கையெல்லாம் கொட்டிவிட்டு மிச்சத்தை ஒப்பேற்றுபவை. இது பிரேக் பிடிக்கும் வரை விடாது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏற விடமாட்டார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள். 119 கி.மீ. வேகத்தில் கை நழுவும் போன் பின்னால் இருப்பவர் முகத்தில்தான் போய் விழும்.

மில்லேனியம் ஃபோர்ஸ் 2000-ல் வந்தது. இன்னுமா அதைப் புகழ வேண்டும்?

புகழத்தான் வேண்டும். முழுச் சுற்று ஓடும், அதாவது கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் கோஸ்டர்களில் 300 அடியைத் தாண்டிய முதல் கோஸ்டர் அது. 310 அடி, மணிக்கு 150 கி.மீ. உயரத்தில் அதன் உலக சாதனை சில மாதங்கள்தான் நின்றது. அதே வருடம் ஜப்பானில் ஸ்டீல் டிராகன் 2000 வந்து 318 அடியில் முந்திவிட்டது. அதனால் ரைடின் சுவை குறைந்துவிடவில்லை.

சாதாரணமாக கோஸ்டரை மேலே இழுக்கும் சங்கிலியின் கடகட சத்தம் இதில் கிடையாது. லிஃப்டில் இருப்பதைப் போன்ற கேபிளில் வண்டியைக் கட்டி, 45 டிகிரி சரிவில் விறுவிறுவென்று மேலே கொண்டுபோய்விடுகிறார்கள். பயந்து முடிப்பதற்குக்கூட நேரம் தராது. மேலே போகும்போது பக்கத்தில் ஏரி முழுவதும் விரிந்து கிடக்கும். பெட்டியின் பக்கவாட்டு அவ்வளவு தாழ்வு என்பதால் உங்களுக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. உச்சியிலிருந்து 80 டிகிரி இறக்கம். தலைகீழ் ஒன்றுகூட இல்லை. வேகமும் அகன்ற வளைவுகளும் மட்டும்தான். சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் முதல் வரிசைக்காகத் தனியே காத்திருந்து ஏறுங்கள். அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

இதற்கெல்லாம் வழி போட்டது 1989-ல் வந்த மேக்னம். முழுச் சுற்று கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதல் ஆள், 205 அடி. இன்றைய ரைடுகளின் வழவழப்பு அதில் இல்லை. ஏரிக்கரையை ஒட்டித் திரும்பி வரும்போது அதன் மேடுகள் கூர்மையாக உடம்பைத் தூக்கிப் போடும். எனக்கு அது பிடிக்கும். முதுகு வலி உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

மேஜிக் மவுண்டனில் மட்டுமே கிடைப்பது என்ன?

மூன்றைச் சொல்வேன். மூன்றுமே அசலானவை.

முதலாவது எக்ஸ் 2. 2002-ல் எக்ஸ் என்ற பெயரில் வந்து, 2008-ல் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் சீட் தண்டவாளத்துக்கு மேலே இருக்காது, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீண்டிருக்கும். அதோடு சீட் தானே முன்னும் பின்னும் சுழலும். எப்போது எவ்வளவு சுழல வேண்டும் என்பதைத் தண்டவாளத்தோடு ஓடும் கூடுதல் தண்டவாள ஜோடி முடிவு செய்கிறது. அந்த இரண்டு ஜோடிக்கும் இடையே இருக்கும் தூரம் கூடக் குறைய, சீட் திரும்பும். முதல் இறக்கத்தில் முகம் தரையைப் பார்த்தபடி 215 அடி விழுவீர்கள். வலிமையான ரைடு, கரடுமுரடான ரைடு. கழுத்தை நேராக வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அதை வடிவமைத்த ஆலன் ஷில்கேதான் பிற்பாடு ராக்கி மவுண்டன் நிறுவனத்துக்காக ஸ்டீல் வெஞ்சன்ஸையும் வடிவமைத்தார். மேஜிக் மவுண்டனின் இரண்டாவது ரத்தினமான ட்விஸ்டட் கொலோசஸும் அவர் கைவண்ணமே. இரண்டு முகாம்களும் சண்டை போட்டுக்கொள்ளும் போதெல்லாம் நான் இதை நினைவுபடுத்துவேன்.

ட்விஸ்டட் கொலோசஸ் 1978-ன் மரக் கோஸ்டரை 2015-ல் மாற்றி அமைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடங்கள் இருந்தன. அவற்றை ஒன்றாக இணைத்து ஒரே நீண்ட பாதையாக்கிவிட்டார்கள். நீங்கள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் ஏறும்போது, அடுத்த வண்டி முதல் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஊழியர்கள் ஆட்களை ஏற்றி நேரத்துக்கு அனுப்பிவிட்டால் இரண்டு வண்டிகளும் சேர்ந்து ஓடும். ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். எதிர்வண்டிக்காரர் கையை எட்டித் தொட்டுவிடலாம் போலத் தெரியும். பின்வண்டி தாமதமானால் தனியாக ஓடும், அப்போது பாதி சந்தோஷம் போய்விடும்.

மூன்றாவது டாட்ஸு, 2006. குப்புறப் படுத்த நிலையில் பறப்பீர்கள். குன்றின் சரிவிலேயே ஓடுவதால் எட்டும் தூரத்தில் இருந்த தரை திடீரென்று பாதாளத்துக்குப் போய்விடும். நடுவில் ஒரு பெரிய வளையத்தில் தலைகுப்புற இறங்கி, அடிப்பகுதியில் மல்லாந்த நிலையில் மார்பு அழுந்த அழுந்தப் போவீர்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், வேண்டாம், விட்டுவிட்டு இயல்பாக வாங்குங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட மனசில்லை. 1976-ல் வந்த ரெவல்யூஷன். இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் செங்குத்து வளையம் நவீன எஃகுக் கோஸ்டரில் முதன்முதலாக வந்தது இதில்தான். அன்டன் ஷ்வார்ஸ்காஃப், வெர்னர் ஷ்டெங்கல் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் வேலை. அதற்கு எண்பது வருடம் முன்பே வளையம் போட்டுப் பார்த்திருந்தார்கள், ஆனால் அது முழு வட்டம். நேர்ப் பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த நொடியில் மொத்த அழுத்தமும் கழுத்தில் இறங்கியது. இவர்கள் வளையத்தைக் கண்ணீர்த் துளி வடிவில் கட்டினார்கள். கீழே அகலம், மேலே குறுகல். அழுத்தம் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். இன்று ரெவல்யூஷனில் ஏறினால் மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வளையத்துக்குள் போகும்போது, பிறகு வந்த அத்தனை வளையங்களுக்கும் மூலம் இது என்று தெரிந்தே போங்கள்.

அப்படியானால் மேஜிக் மவுண்டனை ஏன் இரண்டாவதாக வைக்கிறீர்கள்?

அங்கே ரைடு நன்றாக இருக்கும், ரைடுக்கும் ரைடுக்கும் நடுவில் இருக்கும் நேரம் அவ்வளவு நன்றாக இருக்காது. குன்றைச் சுற்றிய இடம் என்பதால் ஏற்றம் இறக்கம் அதிகம். கோடையில் 38 டிகிரி வெயில் சாதாரணம். நிழல் போதாது. நான் போன நாட்களில் ஒரு வண்டியை மட்டும் ஓடவிட்டு க்யூவை இழுத்தடித்த ரைடுகளையும் பார்த்திருக்கிறேன். சீடர் பாயிண்டில் கூட்டம் குறைவில்லை. ஆனால் மில்லேனியம் ஃபோர்ஸ் நிலையத்தில் நின்று பாருங்கள், ஒரு வண்டி கிளம்பியதும் அடுத்தது உள்ளே வந்து நிற்கும், கம்பியைச் சோதித்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள், அதுவும் போய்விடும். நீண்ட க்யூவும் நகர்ந்துகொண்டே இருந்தால் மனசு அலுக்காது.

அதோடு அந்த ஏரி. நாள் முழுக்கச் சுற்றிவிட்டு மணலில் போய் உட்கார ஒரு இடம் இருப்பது சின்ன விஷயமில்லை. அமியூஸ்மென்ட் டுடே பத்திரிகை வழங்கும் கோல்டன் டிக்கெட் விருதுகளில் சிறந்த பார்க் என்ற இடத்தை 1998 முதல் 2013 வரை தொடர்ச்சியாக 16 வருடம் சீடர் பாயிண்ட் வைத்திருந்தது. அதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

பாதுகாப்பா? டாப் த்ரில் டிராக்ஸ்டரில் விபத்து நடந்ததே?

நடந்தது. 2003-ல் சீடர் பாயிண்டில் வந்த அந்த ரைடு 420 அடி, மணிக்கு 193 கி.மீ. வேகம். 2021 ஆகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு க்யூவில் நின்றிருந்த பெண்மணியின் தலையில் பட்டு அவருக்குக் கடுமையான காயம். ரைடு அத்தோடு மூடப்பட்டது. இதை மறைத்துவிட்டு அந்தப் பார்க்கைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

பிறகு அதையே மாற்றி, ஒரே வீச்சில் வண்டியை ஏவும் பழைய முறையை விட்டுவிட்டு, மூன்று கட்டமாக ஏவும் டாப் த்ரில் 2 என்று 2024 மே மாதம் திறந்தார்கள். சில நாளிலேயே வண்டிகளில் திருத்தம் வேண்டும் என்று நிறுத்தினார்கள். 2025-ல்தான் மறுபடி ஓடியது. அதை நம்பி மட்டும் பயணம் போடாதீர்கள். நின்றுவிட்டது என்றால் ஏமாற்றமாக இருக்கும்.

பொதுவாகச் சொன்னால், ஊழியர் சொல்லும் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: உயர வரம்பை ஏமாற்றாதீர்கள், கம்பியை நீங்களே தளர்த்தப் பார்க்காதீர்கள், சட்டைப்பையைக் காலி செய்யுங்கள். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் பெரிய ரைடுகளைத் தொடவே கூடாது.

இதுவரை எதிலும் ஏறியதில்லை. எங்கே தொடங்குவது?

சீடர் பாயிண்டில் 1964-ன் ப்ளூ ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர். உயரம் 78 அடிதான், தலைகீழ் இல்லை, அடிவயிறு எழும்புவது என்றால் என்ன என்று நிதானமாகக் கற்றுத்தரும். மேஜிக் மவுண்டனில் ரெவல்யூஷன். தலைகீழ்தான் பயம் என்றால், தலைகீழே இல்லாத மில்லேனியம் ஃபோர்ஸ் உங்களுக்கு ஸ்டீல் வெஞ்சன்ஸை விட ஏற்றது. உயரம்தான் பயம் என்றால் அதற்கு நேர்மாறு.

குழந்தைகள், வயதானவர்களோடு போகிறோம். எது வசதி?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீடர் பாயிண்ட். தட்டையான தரை, நடப்பது சுலபம். 1963-லிருந்து ஓடும் நீராவி ரயில் பார்க்கின் பின்பகுதி வரை கூட்டிப் போகும். அப்பா அம்மாவை அதில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஸ்டீல் வெஞ்சன்ஸ் க்யூவில் போய் நிற்கலாம். 1920-ல் செய்த சீடர் டவுன்ஸ் என்ற ராட்டினம் அவசியம் பார்க்க வேண்டியது. அதில் மரக்குதிரைகள் மேலும் கீழும் ஆடுவதில்லை, பந்தயம் விடுவது போல முன்னும் பின்னும் நகரும். அமெரிக்காவில் இந்த வகையில் இன்னும் ஓடுபவை இரண்டுதான். சின்னவர்களுக்கு ஸ்னூப்பி பகுதி.

மேஜிக் மவுண்டனிலும் பக்ஸ் பன்னி பகுதி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களை மட்டும் அந்த ஏற்றத்தில் நடக்க வைக்காதீர்கள். இரண்டு இடத்திலும் ஒட்டியே வாட்டர் பார்க் இருக்கிறது. இரண்டுக்கும் தனி டிக்கெட்.

பிள்ளைகளின் உயரத்தைக் கிளம்புமுன் அளந்துவிடுங்கள். மில்லேனியம் ஃபோர்ஸ், மேக்னம், எக்ஸ் 2, ட்விஸ்டட் கொலோசஸ் நாலுக்கும் 122 செ.மீ. வேண்டும். ஸ்டீல் வெஞ்சன்ஸுக்கு 132. டாட்ஸுவுக்கு 137. இரண்டு மணி நேரம் க்யூவில் நின்ற பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்பும்போது பார்க்கச் சகிக்காது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பீட்சா, பிரெட்ஸெல், உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். சீடர் பாயிண்டில் அப்போதே நறுக்கிப் பொரித்துத் தரும் கிழங்கில் வினிகர் தெளித்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம், நன்றாக இருக்கும். எண்ணெய் அசைவத்துக்கும் சேர்த்துப் பயன்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். புளியோதரையைக் காரில் வைத்துவிட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டுத் திரும்பலாமா என்று நுழையும்போதே விசாரியுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

சீடர் பாயிண்ட் மே மாதம் திறந்து இலையுதிர் காலத்தோடு மூடிவிடும். ஜூன் மத்தியில் ஏரியிலிருந்து மேஃப்ளை பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி விளக்குக் கம்பங்களில் அப்பிக்கொள்ளும். கடிக்காது, ஆனால் கோஸ்டரில் போகும்போது வாயை மூடிக்கொள்வது நல்லது. அக்டோபர் சனிக்கிழமைகளில் ஹாலோவீன் கூட்டம் தாங்காது, அந்த நாட்களை விட்டுவிடுங்கள். ஏரிக்கரை என்பதால் மின்னல் தெரிந்தாலே பெரிய ரைடுகள் நிற்கும். காற்று அடித்தாலும் அப்படித்தான். ஒரு நாளுக்கு ஒன்றரை நாளாகத் திட்டமிடுங்கள்.

மேஜிக் மவுண்டனுக்கு ஜனவரி, பிப்ரவரி அருமை. வெயில் இதமாக இருக்கும். வார நாட்களில் மூடியிருக்கலாம், நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டுமே இப்போது ஒரே கம்பெனியாமே?

2024 ஜூலை 1 அன்று சீடர் பாயிண்டை நடத்திய சீடர் ஃபேர் நிறுவனமும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் இணைந்தன. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள். பழைய போட்டியில் ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்ற வெறியில்தான் நமக்கு மேக்னமும் எக்ஸும் கிடைத்தன. ஒரே முதலாளி இரண்டு பக்கமும் உட்கார்ந்த பிறகு அந்த வெறி இருக்குமா என்பது என் கவலை. பார்வையாளருக்கு ஒரு லாபமும் உண்டு: குழுமத்தின் எல்லாப் பார்க்குகளுக்கும் செல்லுபடியாகும் சீசன் பாஸ் வகை இருக்கிறது. வருடத்தில் இரண்டு கரைக்கும் போகிறவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் ஏறுவது?

டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள், வாசலில் விலை கூடுதல். பார்க்கிங் தனி. கதவு திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

சீடர் பாயிண்டில் முதல் வேலையாகப் பின்பகுதிக்கு நடந்து ஸ்டீல் வெஞ்சன்ஸ். அங்கிருந்து 2007-ன் மேவரிக் பக்கம்தான். மதியக் கூட்டத்தில் க்யூ வேகமாக நகரும் மேக்னம், 1994-ன் ராப்டர். வெயில் ஏறும் நேரத்தில் ரயில், ராட்டினம், ஏரிக்கரை. சைரன்ஸ் கர்ஸில் வண்டி அறுந்த தண்டவாளம் போன்ற முனையில் போய் நின்று, அந்தத் துண்டோடு சேர்ந்து செங்குத்தாகக் கீழே சாயும். புதுசு என்பதால் க்யூ நீளும், மனசிருந்தால் நில்லுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மில்லேனியம் ஃபோர்ஸ் க்யூவில் சேர்ந்துவிடுங்கள்.

மேஜிக் மவுண்டனில் முதலில் எக்ஸ் 2, ஏனென்றால் அதன் க்யூதான் மிக மெதுவாக நகரும். அடுத்து டாட்ஸு. ட்விஸ்டட் கொலோசஸுக்கு, இரண்டு வண்டிகளும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று கீழே நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரிசையில் சேருங்கள். தனித்தனியாக ஓடினால் வேறு ரைடுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வாருங்கள்.